அகராதிப் பெரியார் சர் ஜேம்ஸ் மரே

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் மயங்கும் சொற்களுள் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். அச்சொல்லை அதன் ஒலிப்படியே தமிழில் எழுதினால் மரத்தின் வேராகிவிடும். ஆதலின் நாம் அதனை ‘வெயர்’ என்று எழுதுவோமாக. நாம் ஆடையை உடுக்கிறோம், அணிகலனைப் பூணுகிறோம், மலரைச் சூடுகிறோம், மோதிரத்தை அணிகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை நம்மிடம் உண்டு. ஆங்கிலேயரோ இவை அனைத்திற்கும் ‘வெயர்’ என்னும் ஒரு சொல்லையே வழங்குகின்றனர். அவ்வளவோடு நின்றாலும் குற்றமில்லை. துணி நைந்து போவதற்கும், படிக்கல் கால்பட்டுத் தேய்வதற்கும், பொழுது மெல்லக் கழிவதற்கும், உழைப்பினால் உடல் தளர்வதற்கும் அதே சொல்லை ஆளுகின்றனர். உடுத்தலும் தேய்தலும் ஒரு சொல்லில் வந்து கூடியது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை வேண்டுவோர் நாடுவது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. ஆயிரம் ஆண்டுகட்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் ‘வெரியன்’ என்றொரு வினை இருந்தது. ஆடை உடுத்தல் என்பதே அதன் பொருள். இலத்தீனில் ஆடையைக் குறிக்கும் ‘வெஸ்டிஸ்’ என்ற சொல்லும், வடமொழியில் உடுத்தலைக் குறிக்கும் ‘வஸ்’ என்ற வேரும் அதற்கு உறவு. ஆகவே, நாம் நாடோறும் கேட்கும் ‘வஸ்திரம்’ என்னும் சொல்லும், ஆங்கிலேயரின் ‘வெயர்’ என்னும் சொல்லும் ஒரே குடியிற் பிறந்து நெடுந்தூரம் பிரிந்து சென்ற உடன்பிறப்புக்களாம். உடுத்த ஆடை நாளடைவில் நையும். நைந்த ஆடையைக் கண்ட மக்கள், உடுத்தற் சொல்லையே நைதற்கும் வழங்கினர். பின்னர் அது கல்லிற்கும் பொழுதிற்கும் மனிதன் உடலுக்கும் பரவிற்று. சோர்வைக் குறிக்கும் ‘வியரி’ என்ற சொல்லை இதன் இனமென்று பலர் எண்ணுவதுண்டு. அது வேறொரு வேரிற் பிறந்தது. ஆற்றின் குறுக்கே கட்டும் அணையைக் குறிக்கும் ‘வியர்’ என்ற சொல்லும் வேறே. அது காத்தல் என்னும் பொருளுடைய மற்றொரு பழைய வினையைச் சார்ந்தது.

ஒரு சிறு சொல்லின் வரலாற்றை இங்ஙனம் ஐயமற அறிதற்கு வழிவகுத்தவர் சர் ஜேம்ஸ் மரே என்னும் பெரியார். அவரோ ஒரு கிராமத்துத் தையற்காரரின் மைந்தர். உடையையும் தேய்வையும் பற்றிய சொற்களைத் தொகுத்து ஆராய்ந்ததோடு, அவ்விரண்டின் பொருளையும் தம் வாழ்விலேயே கண்டவர். அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

ஸ்காத்லாந்து தேசத்தின் தென்னெல்லையில், ஹாயிக் என்னும் ஊரின் அருகே டென்ஹோம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1837-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள் ஜேம்ஸ் பிறந்தார். தந்தையார் தாமஸ் மரே, ஊசியும் கத்தரியும் கொண்டு குடும்பம் காத்தவர். பொருள் இல்லை, ஆயினும் வீட்டில் ஒழுக்கமும் பக்தியும் இருந்தன. சுற்றுப்புறமெங்கும் ஆடு மேய்க்கும் குன்றுகள். ஆட்டு மயிரை நூலாக்கி நெய்யும் ஆலைகள். ஹாயிக் நகரம் காலுறை பின்னுவதற்கும் கம்பளித் துணிக்கும் பெயர்பெற்றது. ஆகவே, நூல், இழை, பாவு, கிழிசல், ஒட்டு என்ற பேச்சுக்களின் நடுவே வளர்ந்த பிள்ளை அவர்.

சிறுவனுடைய அறிவுப் பசிக்கு அளவில்லை. கையிற் கிடைத்த நூல்களையெல்லாம் படிப்பான். கல்லையும் செடியையும் ஆராய்வான். மாடுகளுக்கு இலத்தீன் பெயரிட்டு அழைத்து, அவை திரும்பிப் பார்க்குமாறு பழக்க முயன்றான் என்றும் சொல்வர். எனினும், பதினான்காம் வயதில் அவருடைய பள்ளிப்படிப்பு முடிவுற்றது. மேற்கொண்டு படிக்க வைக்கப் பெற்றோரிடம் பொருள் இல்லை. பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளையைப் புத்தகம் கைவிடவில்லை. தாமே முயன்று மொழிமேல் மொழியாகக் கற்றார். பதினேழாம் வயதில் ஹாயிக் நகரில் உதவியாசிரியரானார். இருபதாம் வயதில் அவ்வூரிலேயே ஒரு கல்விச்சாலைக்குத் தலைமையாசிரியரானார்.

அவர் தலைமையாசிரியரான அதே 1857-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில் மொழியாராய்ச்சிக் கழகத்தார் ஒரு தீர்மானம் செய்தனர். அதுவரை வந்த ஆங்கில அகராதிகள் யாவும் குறையுடையன. ஒவ்வொரு சொல்லும் எந்நாளிற் பிறந்தது, எப்பொருளில் வளர்ந்தது, எப்போது வழக்கிழந்தது என்பதை நூல்களின் சான்றுகொண்டு காட்டும் புதிய அகராதி ஒன்று வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அந்த நாளில் ஹாயிக் பள்ளியாசிரியருக்கு இச்செய்தி எட்டியிராது. விதியின் நூல் இரண்டு இடங்களில் தனித்தனியே நூற்கப்பட்டது.

1862-ஆம் ஆண்டில் மரே, மாகி ஸ்காட் என்னும் நங்கையை மணந்தார். இன்பம் நெடுநாள் நிற்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த பெண்மகவு குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. மனைவியாரைக் காசநோய் பற்றிற்று. குளிர் குறைந்த இடம் செல்லவேண்டும் என்று மருத்துவர் கூறவே, மரே தம் பதவியையும் ஊரையும் ஆராய்ச்சித் தோழர்களையும் விட்டு, 1864-ஆம் ஆண்டில் இலண்டன் சென்று, இந்தியாவோடு வாணிகம் செய்த ஒரு வங்கியில் எழுத்தராக அமர்ந்தார். அடுத்த ஆண்டே மனைவியார் காலமானார். மனைவிக்காக ஊரை விட்டார், மனைவியும் போயினார், கணக்குப் புத்தகம் மட்டும் எஞ்சிற்று. வேறொருவராயின் உள்ளம் நைந்து போயிருப்பர். அவரோ வங்கிக்குச் செல்லும் வழியிலும் மாலை வேளையிலும் மொழிகளைப் பயின்றார். 1867-ஆம் ஆண்டில் ஏடா ருத்வென் என்னும் அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார். அவ்வம்மையார் பதினொரு மக்களைப் பெற்று வளர்த்ததோடு, கணவரின் பெருந்தொழிலுக்கும் உறுதுணையாய் நின்றார்.

1870-ஆம் ஆண்டில் மரே, இலண்டனுக்கு அருகிலுள்ள மில் ஹில் பள்ளியில் ஆசிரியரானார். தம் பிறந்தநாட்டுப் பேச்சுமொழியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1873-இல் வெளிவந்தது. மறுஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று. அப்பட்டத்தோடு பெற்ற கறுப்புத் தொப்பியை அவர் வாழ்நாள் முழுதும் பணியின்போது அணிந்தார். பதினான்கு வயதிற் பள்ளியை விட்டவர்க்கு அத்தொப்பி எத்தகைய அணியாயிருந்திருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

இதற்கிடையில், கழகத்தாரின் அகராதி வேலை தளர்ந்து கிடந்தது. முதல் ஆசிரியராகிய ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861-இல் இளமையிலேயே இறந்தார். அடுத்து வந்த பர்னிவால் ஊக்கம் மிக்கவர்; ஒழுங்கு குறைந்தவர். 1879-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தார் பதிப்பிக்க ஒப்புக்கொள்ள, மரே ஆசிரியரானார். பர்னிவாலிடமிருந்து வந்து சேர்ந்த சான்றுச் சீட்டுக்களின் நிறை ஏறத்தாழ இரண்டு டன். அவை வந்த நிலையோ இரங்கத்தக்கது. ஒரு மூட்டையில் செத்த எலி. மற்றொன்றில் குடும்பத்தோடு வாழ்ந்த சுண்டெலி. சில சீட்டுக்களில் எழுத்து மங்கியிருந்தது. ஓரெழுத்துக்குரிய கட்டு இத்தாலியிற் கிடந்தது. மற்றொன்றின் பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரை இலாயத்தில் அகப்பட்டது; அதிற் பெரும்பகுதி அடுப்பு மூட்டப் பயன்பட்டுவிட்டதாம். தேய்வைப் பற்றிய சான்றுகளும் தேய்ந்தே வந்தன!

மரே தம் பள்ளித் தோட்டத்தில் இரும்புத் தகட்டினால் ஒரு கொட்டகை அமைத்தார். அதற்கு ‘ஸ்கிரிப்டோரியம்’ என்று பெயர். எழுத்துச்சாலை என்று நாம் கூறலாம். அதன் சுவரில் 1,029 அறைகள் கொண்ட மரத்தட்டுக்கள். ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலெல்லாம் உள்ள படிப்பாளிகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் வரும் வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதி, ஆண்டும் நூற்பெயரும் பக்கமும் குறித்து அனுப்புமாறு கேட்டார். ஊதியம் இல்லை. ஆயினும் சீட்டுக்கள் மழைபோற் பொழிந்தன. முன்னர்க் காசியில் வடமொழிக் கல்லூரியிற் பணியாற்றிய பிட்ஸ்எட்வர்ட் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர், இங்கிலாந்தின் ஒரு மூலையில் ஒதுங்கி வாழ்ந்தவாறே பல்லாண்டு இப்பணிக்கு உதவினார். மனநோயுற்று ஒரு விடுதியிற் காவலில் வைக்கப்பட்டிருந்த மைனர் என்னும் மருத்துவரும் ஆயிரக்கணக்கான சீட்டுக்களை அனுப்பினார். மரேயின் மக்களும் சிறு கைச்செலவுக் காசுக்காகச் சீட்டுக்களை அகரவரிசையில் அடுக்கினர்.

பத்து ஆண்டில் நான்கு தொகுதியாக முடிப்பது என்பது உடன்படிக்கை. ஐந்தாண்டு உழைத்தபின், 1884-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் முதற்பகுதி வெளிவந்தது. 352 பக்கம், முதலெழுத்தாகிய ‘ஏ’ கூட முடியவில்லை. அச்சகத்தார் கலங்கினர். விரைவு வேண்டும், சுருக்கம் வேண்டும் என்று மீண்டும் மீண்டும் வற்புறுத்தினர். பெரிய பதவியிலிருந்தோர் அவர் முறைகளில் தலையிட்டனர். மரே வேலையையே விட்டுவிட எண்ணிய நாட்களும் உண்டு. இங்கேதான் அவருடைய உள்ளத்தின் உரம் விளங்குகிறது. காலத்தைக் குறைத்தால் உண்மை குறையும் என்று அவர் கண்டார். பொருளும் உடல்நலமும் தம்முடையவை, அவற்றைத் தேய்க்கலாம், நூலின் தரம் தம்முடையதன்று, அதனைத் தேய்க்க உரிமையில்லை என்பதே அவருடைய நடையிலிருந்து நாம் அறியும் கொள்கை.

1885-ஆம் ஆண்டில் பள்ளியை விட்டு ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கே வீட்டுத் தோட்டத்தில் இரண்டாம் எழுத்துச்சாலை எழுந்தது. அண்டை வீட்டார் ஒருவர் தம் காட்சி மறையும் என்று முறையிட்டமையால், கட்டடத்தை மூன்றடி நிலத்துள் தாழ்த்தவேண்டியதாயிற்று. ஆகவே உள்ளே ஈரம், குளிர்காலத்தில் பெருங்குளிர். மேலங்கியைக் களையாமலே அமர்ந்து, காற்றுப் படாதிருக்கக் கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அவர் எழுதுவார். அவருக்கு வரும் கடிதங்களின் மிகுதி கண்டு அஞ்சல் துறையார் வீட்டு வாயிலிலேயே ஒரு தபாற்பெட்டி நாட்டினர். பின்னர் ஹென்றி பிராட்லியும், வில்லியம் கிரெய்கியும், சார்ல்ஸ் ஆனியன்ஸும் ஒருவர்பின் ஒருவராக உடனாசிரியராயினர். எழுத்துக்களைத் தம்முட் பங்கிட்டுக்கொண்டனர்.

மரேயின் பங்கில் வந்த எழுத்துக்களைப் பார்ப்போமாயின், தையற்காரர் மகனுக்குத் தந்தையின் தொழில் மீண்டும் வந்து வாய்த்ததோ என்று தோன்றும். ஆடையைக் குறிக்கும் ‘கிளாத்’ என்பதும், ஆடை புனைந்த நிலையைக் குறிக்கும் ‘கிளாட்’ என்பதும் அவர் ஆராய்ந்தவை. தலையை மூடும் ‘ஹாட்’, ‘ஹுட்’ என்பனவும், காலை மூடும் ‘ஹோஸ்’ என்பதும் பழைய ஆங்கிலச் சொற்களே. ‘கர்ட்டில்’ என்பது முற்காலத்தில் ஆடவர் அணிந்த அங்கி. பின்னர்ப் பெண்டிர் ஆடையாயிற்று. பின்னர் வழக்கிலிருந்தே மறைந்தது. உடுத்தலைக் குறிக்கும் ‘டான்’ என்பது செய், மேல் என்னும் இரு சொற்கள் ஒட்டிப் பிறந்தது. களைதலைக் குறிக்கும் ‘டாஃப்’ என்பது செய், நீக்கி என்னும் இரு சொற்கள் ஒட்டியது. ‘டான்’ என்பது தென்னாட்டில் வழக்கொழிந்து வடநாட்டுப் பேச்சில் மட்டும் உயிர்தாங்கிக் கிடக்க, மரேயின் எல்லைநாட்டைப் பாடிய சர் வால்டர் ஸ்காட்டின் எழுத்தால் அது மீண்டும் நூல்வழக்கிற்கு வந்தது. பழந்துணியைப்போல மடித்து வைத்த சொல்லும் ஒருநாள் எடுத்து உடுக்கப்படும் என்பதற்கு இது சான்று.

தேய்தற் சொற்களும் அவரிடமே வந்தன. துணியின் மேற்பஞ்சு போய் இழை தெரியும் நிலைக்கு ‘த்ரெட்பேர்’ என்று பெயர். பலகாற் சொல்லிச் சலித்த வாதத்திற்கும் அதுவே பெயர். இலத்தீனில் உராய்தலைக் குறிக்கும் ‘தெரேரே’ என்றொரு வினை உண்டு. அதன் வழிவந்த சொற்கள் ஒரு கூட்டம். உராய்வாற் குறைதல் ‘அட்ரிஷன்’. தேய்ந்து வரும் கேடு ‘டெட்ரிமென்ட்’. கைபட்டுத் தேய்ந்த நாணயம்போன்ற பழஞ்சொல் ‘ட்ரைட்’. போரடிக்கும் பலகையால் கதிரை உராய்வதுபோல வரும் துன்பம் ‘ட்ரிபுலேஷன்’. வேதாகமத்தில் நொறுங்குண்ட இருதயம் என்று நாம் படிக்குமிடத்தில் வரும் ‘கன்ட்ரைட்’ என்பதும் அவ்வினத்ததே. ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும் இச்சொற்களை ஒரே வேரில் இணைத்துக் காட்டிய பக்கங்கள் மரேயின் மேசையில் உருவானவை.

அவர் குற்றமற்றவரல்லர். ‘பாண்ட்மெய்ட்’ என்னும் சொல்லுக்குரிய சீட்டுக்கள் எங்கேயோ ஒதுங்கிப் போனமையால், அச்சொல் அகராதியில் விடுபட்டது. பின்னர்ச் சீட்டுக்கள் கிடைத்தன; அச்சோ முடிந்துவிட்டது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் அச்சொல் 1933-இல் வந்த பின்னிணைப்பிலேதான் இடம் பெற்றது. கோடி இழை நெய்தவனுக்கும் ஓரிழை தப்புவது இயல்பு.

1908-ஆம் ஆண்டில் அரசர் அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தார். முப்பதாண்டு அந்நகரிலேயே உழைத்தவர்க்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1914-இல்தான் மதிப்புறு பட்டம் ஈந்தது. அவருடைய ஆசை ஒன்றே: எண்பதாம் ஆண்டு நிறைவில் அகராதியை முடித்துவிட வேண்டும் என்பது. உடலோ நைந்து வந்தது. 1915-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற்கூடத் தம் உதவியாளரோடும், உடன் பணிசெய்த தம் மகளிரோடும் எழுத்துச்சாலையில் அமர்ந்து நிழற்படம் எடுத்துக்கொண்டார். அதே மாதம் 26-ஆம் நாள், நுரையீரல் உறை அழற்சி நோயினால் உயிர் நீத்தார். அப்போது அவர் கையிலிருந்தது ‘டி’ என்னும் எழுத்து. எல்லைநாட்டு ஆலைகளின் புகழைச் சொல்லும் ‘ட்வீட்’ என்ற துணியின் பெயர் அடங்கிய பகுதி அவர் மறைந்தபின் வெளிவந்தது.

ஆகவே, நாம் தொடக்கத்திற் கூறிய ‘வெயர்’ என்னும் சொல்லை மரே எட்டவில்லை. அதற்குரிய ‘டபிள்யூ’ எழுத்தைப் பிறரே பதிப்பித்தனர். பிற்காலத்தில் புனைகதைகளாற் புகழெய்திய டால்கீன், இளைஞராய் இருந்தபோது 1919, 1920-ஆம் ஆண்டுகளில் பிராட்லியின்கீழ் அவ்வெழுத்தின் சொற்கள் சிலவற்றைத் தொகுக்க உதவினார். பிராட்லியும் 1923-இல் மறைந்தார். முழு நூலும் 1928-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது, சொற்கள் 4,14,825, பதினெட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். அவற்றின் பக்கங்களில் ஏறத்தாழப் பாதி மரேயின் பதிப்பு. 1989-இல் இருபது தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வந்தது. ஆயினும் நூலின் அமைப்பு அவர் வகுத்ததே. மேலே நாம் கண்ட உடுத்தலும் தேய்தலும் பற்றிய விடையும், அவர் வெட்டித் தந்த அளவின்படி பிறர் தைத்தது என்றே சொல்லவேண்டும்.

தமிழிலும் இதற்கு ஒப்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை 1913-இல் பாதிரியார் சாண்ட்லர் தொடங்கினார். அதனை நிறைவேற்றிய பெருமை பேராசிரியர் வையாபுரிப் பிள்ளைக்கு உரியது. தொடங்கிய கை ஒன்று. முடித்த கை வேறொன்று. பெரும்பணிகளின் இயல்பு அதுவே போலும்.

மாணவ நண்பர்காள்! நம் வாழ்நாளும் ஓர் ஆடையே. பெட்டிக்குள் மடித்து வைத்தாலும் அது செல்லரிக்கும், உடுத்தாலும் நையும். எவ்வகையானும் தேய்வது உறுதியாயின், உடுத்துத் தேய்வதே நன்று. ஜேம்ஸ் மரே தம் வாழ்வைப் பெட்டியில் வைக்கவில்லை. அவர் உடுத்த ஆடை இழை தெரியும்வரை நைந்தது. அவர் நெய்த துணியோ இன்றும் நையவில்லை. இனி அகராதியைப் புரட்டும்போது, ஒரு சொல்லின்கீழ் நிற்கும் ஆண்டுகளைக் காணும் நாம், நிலத்துள் தாழ்ந்த அவ்விரும்புக் கொட்டகையில், கறுப்புத் தொப்பி அணிந்து, பெட்டிக்குள் கால் வைத்து எழுதிய அம்முதியவரை ஒருகணம் நினைப்போமாக.